தீபாவளி ஆஃபர்... மனை வாங்கினால் தங்கக் காசு இலவசம்! வையம்பட்டி வரை வரும் ரியல் எஸ்டேட் வேன்: ஏறுவதற்கு முன் என்ன பார்க்கணும்?

ஆயுத பூஜைக்குப் பொரி மூட்டைகள் கடைக்கு வந்து இறங்கும் அதே வாரத்தில், சின்ன ஊர்களின் பேருந்து நிறுத்தங்களில் இன்னொரு சரக்கும் வந்து இறங்கும். மனை விற்பனை நோட்டீஸ்தான் அது. 'முன்பதிவு செய்யும் முதல் 50 பேருக்கு 1 கிராம் தங்கக் காசு', 'பத்திரப்பதிவு முற்றிலும் இலவசம்', 'வேன் வசதி, மதிய உணவு உண்டு', 'தீபாவளி வரை மட்டுமே இந்த விலை'. வாசகம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும், போன் நம்பர் மாறும். மற்றபடி எல்லாம் ஒரே அச்சுதான்.

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் மட்டும் இருந்த இந்த வியாபாரம், இப்போது மாவட்டத்தின் கடைக்கோடியில் இருக்கும் வையம்பட்டி மாதிரி ஊர்களுக்கும் வந்துவிட்டது. சிறுகச் சிறுகச் சேர்த்த சில லட்சங்களைக் கையில் வைத்திருக்கும் குடும்பங்கள்தான் இங்கே வாடிக்கையாளர்கள். அதனால், அந்த வேனில் ஏறும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் வையம்பட்டி?

திருச்சி - திண்டுக்கல் நான்குவழிச் சாலையில், மணப்பாறையைத் தாண்டினால் வையம்பட்டி. ரயில் நிலையம் இருக்கிறது, ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம், பக்கத்திலேயே பொன்னம்பலப்பட்டி சுங்கச்சாவடி. சுற்றி இருப்பதில் பெரும்பகுதி மானாவாரி நிலம். மழை வந்தால் விதைப்பு, இல்லையென்றால் ஆடு மாடு மேய்ச்சல். இப்படிப்பட்ட நிலத்தை ஏக்கர் கணக்கில் வாங்கி சதுர அடிக் கணக்கில் விற்பதுதான் மொத்த வியாபாரமே.

அதற்கு ஒரு 'கதை' வேண்டும். மணப்பாறைப் பக்கம் அந்தக் கதைக்குப் பஞ்சம் இல்லை. மொண்டிப்பட்டியில் தமிழ்நாடு காகித ஆலையின் இரண்டாவது ஆலை 2016-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சிப்காட் வந்திருக்கிறது. திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்தை 2024 ஜனவரி 2-ம் தேதி பிரதமர் திறந்து வைத்தார். பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையத்தை 2025 மே 9-ம் தேதி முதலமைச்சர் திறந்து வைத்தார். இவை எல்லாமே உண்மை. நோட்டீஸில் இந்த உண்மைகளுக்குப் பக்கத்தில் 'வெகு அருகில்' என்று ஒரு வார்த்தை உட்கார்ந்திருக்கும். அதில்தான் விஷயம் இருக்கிறது.

'வெகு அருகில்' என்றால் எத்தனை கிலோமீட்டர் என்று எழுதியிருக்காது. எழுதியிருந்தால் 'நிமிடம்' என்று இருக்கும், அதுவும் ராத்திரி 2 மணிக்குக் காலியான நான்குவழிச் சாலையில் கார் போகும் நிமிடம். மனையிலிருந்து மெயின் ரோட்டுக்கு வரும் மண் பாதைக்கு ஆகும் நேரம் அந்தக் கணக்கில் சேராது.

ஏன் ஐப்பசி?

ஆடியில் புதுசாக எதையும் ஆரம்பிக்க மாட்டார்கள், மார்கழியில் பத்திரம் போட மாட்டார்கள். நடுவில் விஜயதசமி, தீபாவளி, கார்த்திகை என்று நல்ல நாட்கள் வரிசையாக வரும். இந்த நம்பிக்கையைப் பதிவுத்துறையே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சாதாரண நாளில் ஒரு சார்பதிவாளர் இருக்கும் அலுவலகத்துக்கு 100 டோக்கன் என்றால், முகூர்த்த நாளில் 150 தருகிறார்கள். 2024 டிசம்பர் 5, கார்த்திகை மாதத்து முகூர்த்த நாள். அன்று ஒரே நாளில் பதிவுத்துறைக்கு வந்த வருவாய் 238 கோடி ரூபாய்க்கு மேல்.

ரெண்டாவது காரணம் ரொம்ப எளிது. காசும் ஆளும் ஒரே நேரத்தில் ஊருக்கு வரும் சீசன் இது. திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்ப்பவர்கள் போனஸோடு வருவார்கள். தீபாவளிச் சீட்டு முதிர்ந்திருக்கும். சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் இருப்பவர்கள் லீவு போட்டு வந்திருப்பார்கள். 'ஊர்ல நமக்குன்னு ஒரு இடம்' என்ற பேச்சு வீட்டில் எழும் நேரமும் இதுதான்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. இந்த மாதங்களில் ஊருக்குள் விழா இல்லாத வாரம் குறைவு. கொலு, சரஸ்வதி பூஜை, கபடிப் போட்டி, கோலப்போட்டி, பட்டிமன்றம், இலவச மருத்துவ முகாம் என்று வந்துகொண்டே இருக்கும். விழாவுக்குச் செலவு செய்ய ஆள் தேவை. மேடைக்குப் பின்னால் இருக்கும் பேனரில் மனை விற்கும் நிறுவனத்தின் பெயர் பெரிதாக இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் கையால் பரிசு கொடுக்கப்படும். பத்து நாள் கழித்து அதே நிறுவனத்தின் நோட்டீஸ் வீட்டுக்கு வரும்போது, 'அட, நம்ம ஊர்ல விழா நடத்துனவங்கப்பா' என்ற எண்ணம் தானாக வந்துவிடும். ஸ்பான்சர் செய்வது குற்றம் இல்லை. ஆனால் விழாக் கமிட்டி யாரும் மூலப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு நன்கொடை வாங்குவதில்லை.

தங்கக் காசின் விலை சதுர அடிக்கு 10 ரூபாய்

சரி, இலவசத்துக்கு வருவோம். கிராம் தங்கம் 12,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மனை 1,200 சதுர அடி. சதுர அடிக்கு 10 ரூபாய் ஏற்றினால் போதும், 12,000 ரூபாய் வந்துவிடும். அதாவது 340 ரூபாய்க்கு விற்க வேண்டியதை 350 என்று சொன்னால் தங்கக் காசை வாங்கியது நீங்கள்தான். வேன், பிரியாணி, தென்னங்கன்று எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான்.

மொத்த லாபக் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். இதுவும் உதாரணம் மட்டுமே. ஒரு ஏக்கர் 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கப்படுகிறது என்றால், ஏக்கருக்கு 43,560 சதுர அடி என்ற கணக்கில் சதுர அடி 46 ரூபாய் வருகிறது. ரோடு, பூங்கா போக 60 சதவீதம் மனையாக விற்கலாம் என்றால் 26,136 சதுர அடி. அதை 350 ரூபாய்க்கு விற்றால் 91 லட்சத்துக்கு மேல். இந்த வித்தியாசம் முழுக்க லாபம் கிடையாது. அனுமதிக் கட்டணம், ரோடு, ஏஜென்ட் கமிஷன், விளம்பரம் எல்லாம் இதற்குள்தான். ஆனால் பேரம் பேச எவ்வளவு இடம் இருக்கிறது என்பது இதில் தெரியும். 'கம்பெனி ரேட், குறைக்க முடியாது' என்பவரிடம் தங்கக் காசு வேண்டாம், அதற்கான பணத்தை விலையில் கழித்துவிடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லா இலவசத்திலும் ரொம்ப ஆபத்தானது 'பத்திரப்பதிவு இலவசம்'.

தமிழ்நாட்டில் இப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரல் 1-க்கு முன்பு பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. அரசு வழிகாட்டி மதிப்பு, உண்மையில் கொடுத்த விலை, இந்த ரெண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம் கட்ட வேண்டும். 1,200 சதுர அடி மனையை 350 ரூபாய் வீதம் 4,20,000 ரூபாய்க்கு வாங்கினால் 9 சதவீதம் என்பது 37,800 ரூபாய்.

இங்கதான் சிக்கல். 'இலவசமாக' பதிவு செய்து தருகிறவர் பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் போடுவார். அது சதுர அடிக்கு 100 ரூபாய் என்றால் பத்திரத்தில் விலை 1,20,000. கட்டணம் 10,800 ரூபாயோடு முடிந்துவிடும். நமக்கும் ஆதாயம்தானே என்று தோன்றும். ஆனால் நாளைக்கு நிலத்தில் வில்லங்கம் வந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால், உங்கள் கையில் இருக்கும் ஆவணம் 1,20,000 ரூபாய்க்குத்தான் பேசும். ரொக்கமாகக் கொடுத்த மீதி 3 லட்சத்துக்கு எந்த ஆதாரமும் இல்லை. தவிர, சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடை செய்கிறது.

கட்டணத்தை மிச்சப்படுத்த நேர்மையான வழியே ஒன்று இருக்கிறது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மேலே சொன்ன மனைக்கு இது 4,200 ரூபாய். சின்ன ஊர் மனைகளில் பெரும்பாலானவை இந்த 10 லட்சத்துக்குள் அடங்கிவிடும். நோட்டீஸ்களில் இதை யாரும் பெரிதாகப் போடுவதில்லை, ஏன்னா இது அரசு கொடுக்கும் சலுகை.

'பஞ்சாயத்து அப்ரூவல்' - காலாவதியான வார்த்தை

ஒரு காலத்தில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் போதும், விவசாய நிலம் 'நகர்' ஆகிவிடும். கல் நட்டு, கலர் கொடி கட்டி, வரவேற்பு வளைவு வைத்து விற்றுவிடுவார்கள். அந்தக் கையெழுத்துக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரமே கிடையாது என்பது வாங்கியவர்களுக்கு வீடு கட்டப் போகும்போதுதான் தெரியும்.

இதற்கு பிரேக் போட்டது சென்னை உயர் நீதிமன்றம். வழக்கறிஞர் 'யானை' ராஜேந்திரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2016 செப்டம்பர் 9-ம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே, அக்டோபர் 20-ம் தேதி முதல் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. உரிய அனுமதி இல்லாமல் விவசாய நிலத்தைப் புதிதாக மனையாகப் பிரித்து விற்றால் சார்பதிவாளர் பதிவு செய்யக் கூடாது. அதே சமயம், ஏற்கெனவே மனையாகப் பதிவான ஒன்றை மறுபடியும் விற்க விலக்கு உண்டு.

இந்த விலக்கில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 'போன மாசம்கூட இதே லேஅவுட்ல பத்திரம் ஆச்சு சார், செக் பண்ணிக்கோங்க' என்பார்கள். பத்திரம் ஆகியிருக்கலாம், ஆனால் மனை வரன்முறை ஆகியிருக்க வேண்டியதில்லை. 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற மனைகளை முறைப்படுத்த 2017 மே மாதம் அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அதற்கான கால அவகாசம் பலமுறை நீட்டிக்கப்பட்டது. அந்த விதிகளின்படி வரன்முறை ஆகாத மனைக்குக் கட்டட அனுமதி கிடையாது, மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடையாது. பத்திரம் பீரோவில் இருக்கும், மனையில் வீடு மட்டும் வராது.

எனவே, இன்றைக்குப் பார்க்க வேண்டியது டிடிசிபி எனப்படும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எண்ணும், அந்த எண் அச்சிட்ட வரைபடமும். வரைபடத்தில் இருக்கும் மனை எண்ணும் தரையில் நட்டிருக்கும் கல்லும் ஒத்துப்போகணும். இன்னொன்று, திருச்சி மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். அதற்குப் பிறகான தேதியில் அந்தப் பழைய தலைவர்களில் ஒருவரின் கையெழுத்தோடு 'அப்ரூவல்' என்று காகிதம் நீட்டினால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

நோட்டீஸிலேயே தெரியும் ரெரா

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016, சுருக்கமாக ரெரா. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேல் உள்ள நிலத்தை மனையாகப் பிரித்து விற்கும் எந்தத் திட்டமும் தமிழ்நாடு ரெராவில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு இல்லாமல் விற்க மட்டுமல்ல, விளம்பரம் செய்யவே கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ரெரா இணையதள முகவரியும் இருக்க வேண்டும். மீறினால் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை அபராதம்.

அப்படியென்றால் முதல் சோதனைக்கு வேனில் ஏறக்கூட வேண்டாம். நோட்டீஸைத் திருப்பிப் பாருங்கள். பதிவு எண் இருக்கா? 'ரெரா அப்ரூவ்டு' என்று வெறும் வார்த்தை மட்டும் இருந்தால் போதாது. எண் இருந்தால் அதை ரெரா இணையதளத்தில் போட்டு, திட்டத்தின் பெயரும் சர்வே எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். ரொம்ப ஆனால் ஐந்து நிமிஷ வேலை.

அந்த நோட்டீஸைக் கசக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டியவருக்கு வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமையை ரெராவின் 12-வது பிரிவு தருகிறது. 30 அடி தார் ரோடு, தெருவிளக்கு, மேல்நிலைத் தொட்டி என்று வாட்ஸ்அப்பில் வந்த படமும் இதில் உதவும்.

தவணை மனை: கையில் பாஸ்புக், நிலம் யார் பெயரில்?

மாதம் 2,500 ரூபாய், 60 மாதம். மொத்தம் 1,50,000. 'ஒரு நாளைக்கு டீ செலவுதான்' என்று சொல்லி விற்பது இதைத்தான். கூலி வேலை செய்பவருக்கும் முறுக்கு சுட்டு விற்பவருக்கும் இது கைக்கு எட்டுகிற தொகை. மாதம் தவறாமல் கட்டுவார்கள். பாஸ்புக்கில் சீல் விழும். நிலம் மட்டும் அதுவரை வேறு யார் பெயரிலோ இருக்கும். சில நேரம் அது விற்கும் நிறுவனத்தின் பெயரில்கூட இருக்காது, நில உரிமையாளர் கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தோடு நின்றிருக்கும்.

ரெரா சட்டத்தின் 13-வது பிரிவு இதற்கு ஒரு எல்லை வைத்திருக்கிறது. மனை விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டும் என்றால், முதலில் விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 10 சதவீதம் என்பது 15,000 ரூபாய், அதாவது ஆறு தவணை. ஏழாவது தவணை கட்டும் முன் 'ஒப்பந்தத்தை எப்போ பதிவு செய்வீங்க?' என்று கேட்பது சட்டம் கொடுத்த உரிமை.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டின் மிகப் பெரிய உதாரணம் பிஏசிஎல். நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுக்க ஊர் ஊராக ஏஜென்ட் வைத்துத் தவணையில் பணம் வாங்கிய நிறுவனம் அது. 2014 ஆகஸ்டில் செபி போட்ட உத்தரவில் திருப்பித் தரச் சொன்ன தொகை 49,100 கோடி ரூபாய். பணம் கட்டியவர்கள் சுமார் 5.85 கோடி பேர். 2016-ல் முன்னாள் தலைமை நீதிபதி ஆர்.எம்.லோதா தலைமையில் உச்ச நீதிமன்றம் குழு அமைத்து, சொத்துகளை விற்றுப் பணம் கொடுக்கும் வேலை தொடங்கியது. பாஸ்புக்கைத் தொலைத்தவர்கள் பாடு அதிலும் திண்டாட்டம்தான். நம் பக்கத்தில், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நியோமேக்ஸ் நிறுவனத்தின் மீது, அதிக வட்டி, நிலம் என்று சொல்லி முதலீடு வாங்கியதாகப் புகார் எழுந்து 2023-ல் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிவு செய்தது. அந்த விவகாரம் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது.

இந்த மாதிரித் திட்டங்களில் பணம் வாங்குபவர் யாரோ தெரியாதவர் இல்லை. பக்கத்துத் தெரு அண்ணன், சித்தப்பா பையன், இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்தவர், ரிட்டயர்டு வாத்தியார். 'நம்ம மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்.' நிறுவனம் தடுமாறினால் தலைமை அலுவலகத்தின் கதவைத் தட்ட யாராலும் முடியாது, அந்த மாமா வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவரும் தன் பணத்தைப் போட்டிருப்பார். கல்யாணப் பேச்சு நிற்கும், பங்காளிச் சண்டை வரும். பணம் போனதோடு இது முடிவதில்லை.

ஏஜென்ட் வேலை பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரெராவில் பதிவு செய்யாமல் மனை விற்றுக் கொடுத்தால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம் வரும். 'கமிஷனுக்குத்தான் சொன்னேன், கம்பெனி விஷயம் எனக்குத் தெரியாது' என்பது அங்கே எடுபடாது.

பத்திரம் பதிவானால் நிலம் நமக்கா?

பெரும்பாலானவர்கள் நினைப்பது, கவர்மென்ட் ஆபீசில் பதிவாகிவிட்டது, இனி என்ன பயம் என்றுதான். ஆனால் விற்பவருக்கு உண்மையில் உரிமை இருக்கிறதா என்று தீர்ப்பு சொல்வது சார்பதிவாளரின் வேலை அல்ல. கோபி என்பவர் தொடர்ந்த, தமிழ்நாட்டில் இருந்து சென்ற வழக்கில் 2025 ஏப்ரல் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியது. உரிமையைச் சரிபார்ப்பது வாங்குபவர் பொறுப்பு.

அதற்கு வில்லங்கச் சான்றைக் குறைந்தது 30 ஆண்டுக்குப் பார்க்கணும். பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கக் கட்டணம் கிடையாது. பட்டா, சிட்டாவை வருவாய்த்துறையின் 'எங்கிருந்தும் எந்நேரத்திலும்' இணையச் சேவையில் பார்க்கலாம். மூலப்பத்திரத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அதுவும் நிறுவனத்தின் வக்கீலிடம் அல்ல, நீங்கள் காசு கொடுக்கும் வக்கீலிடம்.

வையம்பட்டி மாதிரி ஊரில் நிலம் பெரும்பாலும் பூர்வீகச் சொத்து. அண்ணன் தம்பி கையெழுத்து இருக்கும், அக்கா தங்கை கையெழுத்து இருக்காது. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை வந்துவிட்டது. நாடு முழுக்க 2005-ல் வந்தது. 'அவங்க கட்டிக்கொடுத்துப் போயிட்டாங்க, கேட்க மாட்டாங்க' என்பதை நம்பி மனை வாங்கினால், அந்த அக்காவின் பிள்ளைகள் போடும் வழக்கில் நீங்களும் ஒரு பிரதிவாதி.

கோயில் நிலமா, வக்ஃபு நிலமா, புறம்போக்கா என்பதையும் பார்க்கணும். திருச்சி மாவட்டம் திருச்செந்துறையில் 2022 செப்டம்பரில், வக்ஃபு வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் சொன்னதால், கையில் ஆவணம் வைத்திருந்தவர்களே சொந்த நிலத்தை விற்க முடியாமல் தவித்தார்கள். விற்கப் போகும்போதுதான் அந்த ஊர்க்காரர்களுக்கே விஷயம் தெரிந்தது. இத்தனைக்கும் ஸ்ரீரங்கத்துக்குப் பக்கத்து ஊர் அது.

மழை பெய்யும்போது போய்ப் பாருங்கள்

இந்த சீசனில் மனை வாங்குபவருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்திக்கொள்வதில்லை. அது வடகிழக்குப் பருவமழை.

தமிழ்நாட்டுக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்கிறது. மணப்பாறை, வையம்பட்டி பக்கம் ஓடைகள் வருஷத்தில் பாதிக்கு மேல் காய்ந்துதான் கிடக்கும். சித்திரை வெயிலில் பார்த்தால் அது ஓடை என்றே தெரியாது. ஜேசிபி வைத்து நிரவி, கிராவல் கொட்டிவிட்டால் 'சமமான, அழகான மனை'. ஐப்பசியில் நாலு நாள் மழை அடித்தால் தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்துவிடும்.

சைட் விசிட் வேன் வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். மழை பெய்த மறுநாள் காலையில், வேன் இல்லாமல், சொந்த பைக்கில் ஒரு தடவை போய் வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, மண் பாதையில் வண்டி போகிறதா என்று எல்லாம் கண்ணாலேயே தெரியும். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டு நிற்பவரிடம் 'இந்த இடத்துக்கு முன்னாடி என்ன பேரு?' என்று கேட்டுப் பாருங்கள். 'ஓடைக்காடு', 'குளத்தடி' என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளலாம். கையோடு கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த சர்வே எண்ணுக்கான புலப்படத்தைப் பார்த்தால் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எல்லாம் கோடாக இருக்கும். நோட்டீஸில் அச்சிட்ட கலர் வரைபடத்தில் அந்தக் கோடுகள் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது அடுத்த வேலை.

பழைய ஆழ்துளைக் கிணறு இருக்கிறதா என்றும் கேளுங்கள். மானாவாரிப் பூமியில் தண்ணீர் கிடைக்காமல் கைவிட்ட போர்கள் நிறைய. 2019 அக்டோபர் 25, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்ததும், நாலு நாள் போராடியும் மீட்க முடியாமல் போனதும் இந்தப் பகுதி மக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மனையாக மாறும் விவசாய நிலத்தில் போர் முறையாக மூடப்பட்டதா என்பதை அங்கே வீடு கட்டிக் குழந்தையோடு குடிபோகிறவர்தான் முதலில் கேட்கணும்.

கிராம சபையில் கேட்க ஒரு கேள்வி

விழா மேடைகளுக்கு நடுவே இந்த மாதங்களில் இன்னொரு கூட்டமும் நடக்கும். கிராம சபை. 2022-லிருந்து தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். அதில் இரண்டு இந்த சீசனில்தான்: அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம். (2025-ல் அக்டோபர் 2 கூட்டம் 11-ம் தேதிக்கு மாற்றப்பட்டது.) அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கும் எல்லாரும் உறுப்பினர்கள். தெருவிளக்கு, குடிநீர், ரோடு என்று பேச்சு போகும். புதிய மனைப்பிரிவுகளைப் பற்றி அதிகம் பேச்சு வராது.

ஆனால் கேட்க வேண்டியது அங்கேதான். மனைப்பிரிவில் போடும் சாலைகளையும், பெரிய மனைப்பிரிவென்றால் பொது ஒதுக்கீடாக விடும் 10 சதவீத இடத்தையும் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த ரோடு ஊராட்சியின் ரோடு இல்லை. குழி விழுந்தாலும் ஊராட்சி பொறுப்பில்லை, விளக்கு போடவும் முடியாது. எல்லா மனையும் விற்ற பிறகு, 'பூங்கா' என்று வரைபடத்தில் காட்டிய இடமே மனையாக விற்கப்பட்ட கதைகள் உண்டு. 'நம்ம ஊராட்சியில் எத்தனை மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுத்திருக்கு, எதில் எல்லாம் ரோடும் பூங்காவும் எழுதி வாங்கியிருக்கு?' என்று ஒருவர் எழுந்து கேட்டாலே பதிவேட்டைத் திறந்துதான் ஆகணும்.

மனை வாங்க நினைப்பவர் திருச்சியிலோ ஸ்ரீரங்கத்திலோ இருந்தால் அந்தச் சபையில் உறுப்பினராக முடியாது. உள்ளூரில் ஒரு சொந்தக்காரரைக் கேட்கச் சொல்லலாம். இல்லையென்றால் இதே கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு அனுப்பலாம். பதில் வர 30 நாள் ஆகும்.

'30 நாளா? ஆஃபர் தீபாவளியோட முடியுதே' என்று ஏஜென்ட் சொல்வார். தீபாவளி முடிந்தால் கார்த்திகை தீப ஆஃபர் வரும். மார்கழியில் வேன் ஓடாது. தை பிறந்ததும் 'பொங்கல் சிறப்புச் சலுகை' என்று, அதே மனைக்கு, பெரும்பாலும் அதே விலையில், புது நோட்டீஸ் அடித்திருப்பார்கள்.